மலை வெளிச்சமும் ஷீட் பிலிம் தேர்வும்

சேர்வராயன் மலையில் வெளிச்சம் ஒரே நாளில் பலவிதமாக மாறும் என்பது அங்கு வசிப்போர் யாவரும் அறிந்த விஷயமே. காலையில் ஏற்காடு ஏரியை மூடுபனி மறைத்து நிற்க, எதிர்க்கரை மரங்கள் சாம்பல் நிறமாய் ஒன்றோடொன்று கலந்து தோன்றும். பனி விலகியதும், சில்வர் ஓக் மரங்களினூடே விழும் வெயில் காப்பிச் செடிகளின் மேல் திட்டுத் திட்டாகப் படிந்து, அதற்கடுத்த அங்குலத்திலேயே கரிய நிழலை உண்டாக்கும். நமது கண் இவ்விரு நிலைமைகளையும் எளிதில் சமாளித்துக்கொள்ளும். பிலிமுக்கு அச்சக்தி கிடையாது. ஆகையால் எந்த வெளிச்சத்திற்கு எந்தப் பிலிம் ஏற்றது, அதை எவ்வாறு டெவலப் செய்வது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும்.

சங்கத்திற்கு இதனால் என்ன பிரயோஜனம்?

காப்பித் தண்டைத் துளைக்கும் புழுவின் அடையாளம், மழையில் சரிந்த பாதை, களத்தில் உலரும் கொட்டை, பழைய கணக்குப் புஸ்தகம், ஊர்த் திருவிழா ஆகியவற்றைப் படமாக்கி வைத்துக்கொள்வது சங்கத்திற்கு நன்மை தருவதாகும். இந்நாளில் கைத்தொலைபேசியினால் படமெடுப்பது மிகவும் எளிது. எனினும், நன்றாகக் கழுவி உலர்த்திய வெள்ளி நெகடிவை, யாதொரு யந்திரத்தின் உதவியுமின்றி, பேரப்பிள்ளைகள் காலத்திலும் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். மேலும், சுருள் பிலிமில் எல்லாப் படங்களையும் ஒன்றாகவே டெவலப் செய்ய வேண்டியிருக்க, ஷீட் பிலிமில் ஒவ்வொரு தாளையும் அதனதன் வெளிச்சத்திற்கேற்பத் தனித்தனியே டெவலப் செய்யலாம். இதுவே அதன் தலையாய அனுகூலம். ஆனால் ஒவ்வொரு தாளும் விலையுயர்ந்தது. சரிந்த பாதை செப்பனிடப்பட்டபின், அதை மறுபடியும் படமெடுக்க இயலாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வெளிச்ச வித்தியாசத்தை அளக்கும் முறை

பிலிமைத் தேர்ந்தெடுக்குமுன் வித்தியாசத்தை அளக்க வேண்டும். விவரம் தெரியவேண்டிய மிக இருண்ட இடத்தையும், விவரம் தெரியவேண்டிய மிகப் பிரகாசமான இடத்தையும் ஒளிமானியால் தனித்தனியே அளந்து பார்க்கவும். வெளிச்சம் இரட்டிப்பாவதை ஒரு படி என்று கொள்வோம். இரண்டிற்கும் வித்தியாசம் நாலு படியாயின் அது சாதாரண வெளிச்சம். இரண்டு படியாயின் மந்தமான வெளிச்சம். ஆறு படியும் அதற்கு மேலுமாயின் கடுமையான வெளிச்சம்.

ஒளிமானி எதை அளந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே பாவித்துக் கணக்குச் சொல்லும். ஆகவே நிழலை அளந்து வந்த கணக்கிலிருந்து இரண்டு படி குறைத்து ஒளி கொடுத்தால், நிழல் கறுப்பாகவும் அதே சமயம் விவரத்துடனும் அமையும். பிரகாசமான இடம் எவ்வளவு அடர்த்தியாக வரும் என்பதை டெவலப் செய்யும் நேரம் நிர்ணயிக்கும். சுருங்கச் சொன்னால், ஒளி கொடுப்பது நிழலுக்காக. டெவலப் செய்வது வெளிச்சத்திற்காக. 1940-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஆன்ஸல் ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சர் என்னும் இருவர் இவ்விதியை ஒழுங்கான முறையாக வகுத்தனர்.

மூடுபனிக்கு ஏற்ற பிலிம்

மந்தமான வெளிச்சத்தில் வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்டவல்ல பிலிம் தேவை. 125 வேகமுள்ள இல்போர்டு எப்.பி.4 பிளஸ், 100 வேகமுள்ள கோடாக் டி-மாக்ஸ் ஆகியவை, பெட்டியில் குறித்த நேரத்திற்கு மேல் மூன்றில் ஒரு பாகம் அதிகமாக டெவலப் செய்தால், தெளிவான வித்தியாசத்தைக் காட்டும். மூடுபனியைச் சிவப்புக் கண்ணாடி ஊடுருவும் என்று சிலர் கருதுவது தவறு. பனித்துளிகள் பெரியவையாதலால் எல்லா நிறங்களையும் ஒருப்போலவே சிதற அடிக்கின்றன. லேடீஸ் ஸீட்டிலிருந்து சேலம் சமவெளியை நோக்கும்போது தென்படும் நீலநிற மங்கலோ வேறு வகையைச் சேர்ந்தது. அதைச் சிவப்புக் கண்ணாடி பெரிதும் குறைக்கும். அதை உபயோகிக்கும்போது சுமார் எட்டு மடங்கு ஒளி கொடுக்க வேண்டும்.

தோட்ட நிழலுக்கும் குகைக் கோயிலுக்கும் ஏற்ற பிலிம்

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பியைக் கொணர்ந்தார். அது முதல் நிழல் மரங்களின் கீழ் காப்பி வளர்ப்பது இங்கு வழக்கமாகிவிட்டது. இத்தகைய தோட்டத்தில் தண்டின்மீது துளைப்பான் உண்டாக்கும் மேடுகளைப் படமெடுக்க வேண்டுமாயின், 400 வேகமுள்ள இல்போர்டு ஹெச்.பி.5 பிளஸ் தக்கது. வெயில் திட்டுகளை அது எளிதில் அடைத்துவிடாது. காற்றில் இலைகள் அசையுமுன் படத்தை முடிக்கவும் அதன் வேகம் உதவும். அதை 200 வேகமுள்ளதாகப் பாவித்து ஒரு படி அதிக ஒளி கொடுத்து, டெவலப் செய்யும் நேரத்தில் கால் பாகம் குறைக்கவும். நேரம் ஐந்து நிமிஷத்திற்குக் கீழே வருமாயின், நெகடிவில் திட்டுகள் விழக்கூடுமாதலால், டெவலப்பரை அதிக நீர் சேர்த்து உபயோகித்து நேரத்தை நீட்டிக்கொள்வது நலம். சாத்தியமானால், மேகம் சூரியனை மறைக்கும் வரையில் காத்திருப்பது எல்லாவற்றிலும் சிக்கனமான உபாயம்.

சேர்வராயன் கோயில் குகைபோன்ற இருண்ட இடங்களில், கோயிலாரின் அனுமதி பெற்றே படமெடுக்க வேண்டும். அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. நீண்ட நேரம் ஒளி கொடுக்கும்போது பிலிமின் வேகம் குறைந்துவிடும். ஒளிமானி 10 விநாடி என்று சொன்னால் ஹெச்.பி.5-க்குச் சுமார் 20 விநாடியும், எப்.பி.4-க்குச் சுமார் 18 விநாடியும் கொடுக்க வேண்டும்.

நிறத்தினால் உண்டாகும் வித்தியாசம்

பழுத்த காப்பிப் பழம் சிவப்பு, இலை பச்சை. கண்ணுக்கு இவை வெவ்வேறாயினும், எல்லா நிறங்களுக்கும் வசப்படும் சாதாரணப் பிலிமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாக வந்துவிடக்கூடும். பழுத்ததை மட்டும் பறிக்கவேண்டுமென்று கற்பிக்கும் படத்திற்கு இது பயன்படாது. சிவப்புக்கு வசப்படாத ஆர்த்தோ பிலிமில் பழம் கறுத்தும் இலை வெளுத்தும் தெளிவாகத் தோன்றும். இல்போர்டு ஆர்த்தோ பிளஸ் பகல் வெளிச்சத்தில் 80 வேகமுள்ளது. சிவப்பு விளக்கின் கீழ் கையாளத்தக்கதாதலால் புதிதாகக் கற்பவருக்கும் உகந்தது. மங்கிய கணக்கேடுகளைப் பிரதியெடுக்கவும் அதுவே ஏற்றது.

எனினும் ஆர்த்தோவில் நீல வானம் வெளுத்துவிடும். இக்குறை பழமையானது. 1856-இல் சென்னை ராஜதானி அரசாங்கத்தின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், அக்காலத்தில் சேலம் ஜில்லாவிலிருந்த ராயக்கோட்டையைப் படமெடுத்து 1858-இல் ஆல்பமாக வெளியிட்டார். அவர் உபயோகித்த மெழுகுக் காகித நெகடிவ் பெரும்பாலும் நீல ஒளிக்கே வசப்பட்டதால், வானம் வெறுமையாக வந்தது. ஆகவே அவர் நெகடிவ்களின்மீதே கையால் தீட்டி மேகங்களை அமைத்ததுண்டு. இன்று சாதாரணப் பிலிமுடன் ஒரு மஞ்சள் கண்ணாடியைச் சேர்த்தால் வானத்து மேகம் தானே தெரியும்.

டெவலப் செய்கையில் கவனிக்கவேண்டியது

மேற்சொன்ன நேரங்கள் யாவும் டெவலப்பர் 20 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் இருக்கவேண்டுமென்ற நிபந்தனைக்குட்பட்டவை. மார்கழி மாதத்தில் மலைத் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் நெகடிவ் மந்தமாகும். சித்திரையில் சேலம் நகரத்துத் தண்ணீர் மிகவும் சூடாயிருந்தால் கடுமையாகும். உஷ்ணத்தை அளவாமல் பிலிமைக் குறைகூறுவது நியாயமாகாது. பிலிமை இருட்டில் நெட்டாகப் பிடிக்கும்போது, ஓரத்திலுள்ள வெட்டுக் குறிகள் வலப்பக்க மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், மருந்துப் பக்கம் நம்மை நோக்கியிருக்கிறதென்று அறியலாம். இக்குறிகள் பிலிமின் ஜாதியையும் தெரிவிக்கும்.

கூட்டாக வாங்குதல்

உதகமண்டலத்தில் 1960-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் உற்பத்தி நின்றுவிட்டபடியால், மேலே கூறிய பிலிம்கள் அந்நிய நாடுகளிலிருந்தே வரவேண்டியிருக்கின்றன. ஒருவர் நாலுவகைப் பிலிம் வாங்கி வைத்தல் வீண் செலவு. நாகலூர், வாழவந்தி போன்ற கிராமங்களில் காமிரா உள்ள அங்கத்தினர் சிலர் சேர்ந்து எப்.பி.4, ஹெச்.பி.5 ஆகிய இரண்டிலும் 25 தாள் கொண்ட பெட்டி ஒவ்வொன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால், பெரும்பாலான தேவைகள் நிறைவேறிவிடும். பழகிக்கொள்வதற்கு வைத்தியசாலைகளில் உபயோகிக்கும் எக்ஸ்ரே பிலிம் மலிவானது. அது பச்சைக்கு வசப்பட்டு, வித்தியாசத்தை மிகுத்துக் காட்டும் தன்மையுள்ளதாதலால், மூடுபனிக்கு ஏற்கும். வெயில் திட்டுகளுக்கு ஏற்காது. இருபுறமும் மருந்து பூசப்பட்டிருப்பதால் கீறல் விழாமல் கையாள வேண்டும்.

ஒவ்வொரு தாளுக்கும் இடம், தேதி, நிழல் கணக்கு, வெளிச்சக் கணக்கு, கொடுத்த ஒளி, டெவலப் செய்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் பதிந்து வரவேண்டும். சங்கத்தின் வரவு செலவைப் பதிவதில் நாம் காட்டும் ஜாக்கிரதையை இதிலும் காட்டினால், ஓராண்டிற்குள் அம்மலை வெளிச்சத்திற்கென்றே ஓர் அட்டவணை தானாக உருவாகிவிடும். அயலார் எழுதிய புஸ்தகத்தைவிட அவ்வட்டவணை அங்கத்தினர்களுக்கு அதிக உதவி புரியும் என்பதில் ஐயமில்லை.