இருபது நிமிட விருந்தினர்

மாதத்தில் இரண்டு மாலைப்பொழுது. ஏதாவது ஒரு ஹோட்டலின் சிறிய மண்டபம், வட்ட மேசைகள், ஓரத்தில் பஃபே. தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார். தேசிய கீதம், வரவேற்புரை, செயலாளர் அறிக்கை, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் முடிந்த பிறகு அன்றைய சிறப்புப் பேச்சாளரை மேடைக்கு அழைப்பார்கள். ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களின் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போனவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடமாக இருக்கும்.

வானொலியில் வேலை பார்ப்பதால், இத்தகைய கூட்டங்களை நெறிப்படுத்த என்னை அடிக்கடி அழைக்கிறார்கள். மேடையின் ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு வசதி உண்டு: பேச்சாளரையும் பார்க்கலாம், கேட்பவர்களையும் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒரு சங்கத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் மிகப் பெரிய சொத்து, அந்த இருபது நிமிட விருந்தினர். அதைத்தான் நாம் மிகவும் அசட்டையாகச் செலவழிக்கிறோம்.

வழக்கம் வந்த வழி

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி, சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேருடன் கூடிப் பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் தொழில் நடத்தியவர். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் அதற்கு ரோட்டரி என்று பெயர் வந்தது. வெவ்வேறு தொழில் செய்பவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, தனக்குத் தெரியாத உலகத்தை அடுத்தவர் வாயிலாகத் தெரிந்துகொள்வதுதான் அந்தச் சந்திப்பின் சுவை. சிறப்புப் பேச்சாளர் என்ற வழக்கமும் அந்தச் சுவையின் தொடர்ச்சிதான். உறுப்பினர்களுக்குள் இல்லாத அனுபவத்தை வெளியிலிருந்து வரவழைக்கிறோம். 1930 வாக்கில் இந்த இயக்கம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் காலூன்றியபோது, கூடவே இந்த வழக்கமும் வந்து சேர்ந்தது.

ஒரு பேச்சு, ஓர் இயக்கம்

ஒரு விருந்தினரின் பேச்சு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு லயன்ஸ் இயக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1917ஆம் ஆண்டு மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதித் தொழில்காரர் சிகாகோவில் தொடங்கிய இயக்கம் அது. அதன் முதல் ஆண்டுகளில் இதுதான் நம் பணி என்று உலகமே அடையாளம் காணும் அளவுக்கு ஒரு பணி அதற்கு அமையவில்லை.

1925ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தார். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே நோயால் பார்வையையும் செவித்திறனையும் இழந்தவர். அப்போது அவருக்கு வயது 45. பேசக் கற்றிருந்தாலும், அவர் குரல் புதியவர்களுக்கு எளிதில் புரியக்கூடியது அல்ல. அந்த மேடையில் அவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் கேட்க வந்தவர். பார்வையற்றோருக்கான பணியைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய வீரர்களாக இருங்கள் என்று நேரடியாகக் கேட்டார். சங்கத்தினர் ஒப்புக்கொண்டார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் ஒரு லயன்ஸ் தலைவர், கறுப்புக் கைத்தடியுடன் சாலையைக் கடக்கத் தடுமாறிய பார்வையற்றவரைப் பார்த்தார். கறுப்புத் தடி வாகனமோட்டிகளின் கண்ணில் படவில்லை. தடிக்கு வெள்ளை வண்ணம் பூசலாமே என்று அவர் சங்கம் முடிவெடுத்தது. இன்று உலகமெங்கும் தெரிந்த வெள்ளைக் கைத்தடி பரவியதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் லயன்ஸ் சங்கத்தினர் இலவசக் கண் பரிசோதனை நடத்துவதும், பழைய மூக்குக் கண்ணாடிகளைச் சேகரிப்பதும் அந்த 1925ஆம் ஆண்டுப் பேச்சின் பேரப்பிள்ளைகள்தாம்.

அந்தப் பேச்சு ஏன் பலித்தது? அவர் பலவற்றைக் கேட்கவில்லை, ஒன்றைத்தான் கேட்டார். கேட்டதும் செய்யக்கூடியவர்களிடம் கேட்டார். ஒவ்வொரு சங்கமும் தன் ஊரிலேயே, தன் தெருவிலேயே தொடங்கக்கூடியதாக அது இருந்தது.

நம் மண்டபங்களில்

இப்போது நம் கூட்டங்களுக்கு வருவோம். எட்டு மணிக்குப் பேச வேண்டியவர் எட்டே முக்காலுக்குத்தான் மேடை ஏறுகிறார். அறிமுக உரை ஐந்து நிமிடம். அவர் வாங்கிய பட்டம், வகித்த பதவி, பெற்ற விருது எல்லாம் அதில் வரும். பிறகு பொன்னாடை, புகைப்படம். பேச்சின் நடுவில் சாப்பாட்டு மேசை திறந்துவிடும். கரண்டிச் சத்தத்தோடு போட்டி போட்டு அவர் முடிக்கும்போது, “நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் இல்லை” என்ற அறிவிப்பு வரும். கடைசியாக ஒரு நினைவுச் சின்னமும் குழுப் படமும்.

யாரை அழைக்கிறோம் என்பதும் யோசிக்க வேண்டியது. டத்தோ, வழக்கறிஞர், முதலீட்டு ஆலோசகர், தன்முனைப்புப் பேச்சாளர் என்ற நான்கைந்து முகங்களே சுற்றிச் சுற்றி வருகின்றன. அவர்கள் வரக்கூடாது என்பதில்லை. ஆனால் அரசாங்க மருத்துவமனைத் தாதி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நினைவிழந்த தாயைப் பத்தாண்டாக வீட்டில் கவனிக்கும் மகள், சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு வேலை தேடித் தருபவர் ஆகியோரை எத்தனை மேடைகளில் பார்க்கிறோம்? “அவங்களுக்கு இங்கிலீஷ் சரளமா வராதே” என்பார்கள். தமிழில் பேசட்டும், பிற இனத்து உறுப்பினர்களுக்காக ஒருவர் மொழிபெயர்க்கட்டும். ஹெலன் கெல்லரின் குரலே புரியச் சிரமமாகத்தான் இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

நான் நெறிப்படுத்திய ஒரு கூட்டத்துக்கு ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் பணிபுரியும் தாதி ஒருவர் வந்திருந்தார். சிறுநீரகம் செயலிழந்தவர் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்துடன் இணைந்திருக்க வேண்டும். நம் நாட்டில் லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள் பல இடங்களில் இத்தகைய மையங்களை அமைக்க உதவியிருக்கின்றன. அதனால் அன்று எல்லாரும் எதிர்பார்த்தது நன்கொடைக் கோரிக்கை. காசோலைப் புத்தகத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள்.

அவர் பணம் கேட்கவில்லை. “இயந்திரம் இருக்குங்க. வர்றதுக்குத்தான் ஆள் இல்ல” என்றார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவதால் கொண்டுவந்து விட ஆளில்லாத முதியவர்கள், வாடகைக் காருக்கு வாரம் ஆறு நடைக்குப் பணமில்லாதவர்கள், சிகிச்சை முடிந்த களைப்பில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று பெயர் சொல்லாமல் நான்கு பேரின் நிலையைச் சொன்னார். ஒரு தடவை தவறினால் உடலில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கும், அதிலேயே உயிர் போகலாம் என்றார். ஸ்லைடு இல்லை, பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

கார் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் எழுந்து, “எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் கூட்டத்தைத் திருப்பியது. செயலாளர் ஒரு தாளில் கோடு போட்டு நாள், நேரம், பெயர் எழுதத் தொடங்கினார். அன்று எழுதியவர்கள் ஒன்பது பேர். இன்றும் கார் ஓட்டுபவர்கள் மூன்று பேர்தான். அந்த மூன்று பேரை நம்பி இரண்டு முதியவர்கள் சிகிச்சைக்குப் போய் வருகிறார்கள்.

சங்கத்தினருக்குச் சில யோசனைகள்

வானொலியில் ஒரு விருந்தினர் வருவதற்கு முன் நாங்கள் செய்யும் வேலைகள் சில உண்டு. அவற்றையே சங்கக் கூட்டத்துக்கும் பயன்படுத்தலாம்.

தலைப்பைக் கேட்பதற்கு முன் அவருடைய தேவையைக் கேளுங்கள். “எங்களைப் போன்ற முப்பது பேர் உங்களுக்கு என்ன செய்ய முடியும்?” என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டால், அவர் அதற்கேற்பத் தயாராகி வருவார்.

அறிமுகம் மூன்று வரி போதும். இவர் யார், என்ன செய்கிறார், இன்று நாம் இவரை ஏன் கேட்க வேண்டும்.

சாப்பாட்டை முன்னதாகவோ பின்னதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். பேச்சோடு வைக்க வேண்டாம்.

இருபது நிமிடத்தில் எட்டு நிமிடத்தைக் கேள்விக்கு ஒதுக்குங்கள். முதல் கேள்வி கேட்க ஒருவரை முன்கூட்டியே தயார் செய்துவிட்டால் மற்றவர்களின் கூச்சம் போய்விடும்.

மிக முக்கியமானது, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி: “சென்ற முறை வந்தவர் கேட்டது என்ன ஆயிற்று?” அந்த ஒரு வரி இருந்தால் போதும், பாதிப் பேச்சுகள் காற்றில் போகாது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர், சேவைச் சங்கம் என்றால் கோட்டு போட்ட பெரியவர்களின் இடம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கு ரோட்டராக்ட் இருக்கிறது. லயன்ஸ் இயக்கத்தில் லியோ மன்றங்கள் இருக்கின்றன. உறுப்பினராகச் சேரத் தயக்கமாக இருந்தால் பேச்சாளராகப் போங்கள். கணினிப் பாதுகாப்பில் வேலை செய்பவர் முதியவர்களிடம் தொலைபேசி மோசடியைப் பற்றிப் பேசலாம். மருந்தகத்தில் இருப்பவர் இனிப்புநீர் மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்கலாம். பதினைந்து நிமிடம் போதும். முடிக்கும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். எதிரில் இருப்பவர்கள் நாளைக் காலையிலேயே செய்யக்கூடியதாக அது இருக்கட்டும்.