மரம் அறிந்தவர் மமானி

மலேரியா என்ற முறைக்காய்ச்சலுக்குக் ‘கொய்னா’ மாத்திரை விழுங்கிய தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. நாக்கிலிருந்து நெடுநேரம் இறங்காத அந்தக் கசப்பு, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையில் பிறந்தது. மலேரியாக் கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்ற பிறகு மிஞ்சும் ‘ஹீம்’ என்ற பொருள் அந்தக் கிருமிக்கே நஞ்சு. அதனால் அதை உடனுக்குடன் படிகமாக்கித் தனக்குத் தீங்கு வராமல் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. பட்டையிலுள்ள குயினைன் இந்தப் படிகமாக்கலைக் குலைக்கிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கிருமி தன் உணவின் கழிவாலேயே மடிகிறது!

இந்த மரத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ளக் கடல் தாண்டிச் சென்ற குழுக்களின் கதை நீளமானது. முதலில் சொல்ல வேண்டியது 1735இல் புறப்பட்ட பிரெஞ்சுக் குழு. பூமியின் வடிவத்தை அறிய நிலநடுக்கோட்டருகே அளவெடுப்பதுதான் அவர்கள் வேலை. ஆனால் அதில் ஒருவரான லா கொண்டமைன், 1737இல் இன்றைய ஈக்வடாரின் லோஹா பகுதிக்குப் போய், பட்டை உரிப்பவர்களிடம் கேட்டறிந்து, சிங்கோனா மரத்தைப் பற்றிய முதல் அறிவியல் விவரிப்பை எழுதினார். நாற்றுகளையும் அமேசான் வழியே படகில் கொண்டுவந்தார். மாதக்கணக்கில் காப்பாற்றிய அந்த நாற்றுகளை, ஆற்றின் முகத்துவாரத்தருகே ஓர் அலை வாரிக்கொண்டு போய்விட்டது. அதே குழுவின் தாவரவியலாளர் ஜோசப் டி ஜுஸ்ஸியூ அங்கேயே தங்கிவிட்டார். 1771இல் பாரிஸ் திரும்பியபோது அவர் மனம் நிலைகுலைந்திருந்தது.

பாரிஸில் பெல்லெத்தியே, காவன்தூ என்ற இருவர் 1820இல் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பின் தேவை பெருகியது. மலைக்காடுகளில் மரங்கள் வெட்டுப்பட்டன. மரத்தை வேறு நாட்டில் வளர்த்துவிட ஐரோப்பிய அரசுகள் போட்டியிட்டன. ஆங்கிலேயருக்காக 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் நடந்த முயற்சி நம் நீலகிரியைத் தொடுகிறது. அவர்கள் ஒரே கூட்டமாகப் போகவில்லை. மார்க்கம் பெருவின் கராபாயா காடுகளுக்குப் போனார். ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ், தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் ஆகியோர் ஈக்வடாரின் சிம்பொராசோ மலையடிவாரத்துக்குப் போனார்கள். இன்னொருவர் பெருவின் வாநுகோ பக்கம் சென்றார்.

மார்க்கத்தின் நோக்கத்தை உள்ளூர்க்காரர்கள் புரிந்துகொண்டு தடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை; பட்டை அவர்கள் வாழ்வாதாரம். எப்படியோ மார்க்கம் செடிகளைக் கப்பலேற்றினார். அக்காலத்தில் ‘வார்டியன் பெட்டி’ என்ற மூடிய கண்ணாடிப் பெட்டி வந்திருந்தது. உள்ளே மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் எழும் நீராவி கண்ணாடியில் படிந்து சொட்டி மீண்டும் வேருக்கே போகும். கப்பலில் யாரும் நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனாலும் செங்கடலின் வெப்பத்தை அந்தப் பெட்டியால் வெல்ல முடியவில்லை. உதகை வந்து சேர்ந்த செடிகள் ஏறத்தாழ எல்லாமே கருகிப்போயின.

ஸ்ப்ரூஸின் கதை வேறு. முதுகும் கால்களும் செயலிழந்த நிலையிலும் அவர் காட்டில் மாதக்கணக்கில் தங்கினார். அங்கே சிங்கோனாவின் செம்பட்டை வகை மரத்தை அடையாளம் காட்டியவர்கள் ‘கஸ்கரியேரோ’ எனப்படும் பட்டை உரிப்பவர்கள். வெட்டிய இடத்தில் கசியும் சாறு காற்றுப் பட்டதும் சிவக்கும். அந்தச் சிவப்பை வைத்து மரத்தை மதிப்பிடக் கற்றிருந்தார்கள். ஒரு லட்சம் விதைகளும் 637 செடிகளும் அங்கிருந்து புறப்பட்டன. அவற்றால்தான் நீலகிரியில் சிங்கோனா வேரூன்றியது. உதகையில் அதைப் பொறுப்பேற்ற மெக்கைவர், பட்டையைக் கீற்றுக்கீற்றாக உரித்துவிட்டுத் தண்டைப் பாசியால் மூடி வைத்தார். மரம் சாகாமல் புதுப்பட்டை விட்டது. அதில் மருந்துச் சத்தும் கூடியிருந்தது. நடுவட்டத்துத் தோட்டங்களில் சீனக் கைதிகளும் உழைத்தார்கள்.

இதனோடு சேர்ந்த ஒன்றைத் தமிழர்களே அதிகம் பேசுவதில்லை. பட்டையில் குயினைன் மட்டுமில்லை. குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என்ற உறவுப் பொருள்களும் உண்டு. விலை குறைந்த அவை மருந்தாகுமா என்று பார்க்க 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் ஒரு குழு சோதனை நடத்தியது. 3,600 நோயாளிகளிடம் சோதித்ததில் நான்குமே 98 விழுக்காட்டுக்கு மேல் காய்ச்சலை நிறுத்தின. மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்த பழைய பெரும் சோதனைகளில் அது ஒன்று.

ஆனால் உலகச் சந்தையை நீலகிரி மரங்கள் வெல்லவில்லை. காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. சிங்கோனா இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் நிற்கும் இரு மரங்களில் ஒன்றின் பட்டையில் குயினைன் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இராது. மற்றதில் பத்துக்கு மேல் இருக்கும். தாவரவியலாளரின் அகராதி அங்கே உதவாது. அந்தக் காட்டிலேயே வாழ்ந்து பழகிய கண் வேண்டும்.

அந்தக் கண் மானுவேல் இங்க்ரா மமானியிடம் இருந்தது. பொலிவியாவின் அய்மாரா பழங்குடியைச் சேர்ந்தவர்; பட்டை மரங்களை அறிந்தவர்; சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகரிடம் வேலை செய்தார். மிக நல்ல மரங்களின் விதை வேண்டும் என்று லெட்ஜர் கேட்டார். பனி விழுந்து பிஞ்சுகள் கருகும் ஆண்டுகளில் மமானி விதை எடுக்கவில்லை, காத்திருந்தார். 1865இல் முற்றிய விதைகளுடன் மலைகளைக் கடந்து நடந்தே வந்து கொடுத்தார். ஆங்கில அரசு அவ்விதைகளை வாங்க மறுத்தது. டச்சு அரசு சொற்ப விலைக்கு ஒரு பங்கை வாங்கி ஜாவாவில் ஊன்றியது. அந்த மரங்களின் பட்டையில் 13 விழுக்காடு வரை குயினைன் இருந்தது. 1930களில் உலகின் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது.

மீண்டும் விதை சேகரிக்கப் போன மமானியைப் பொலிவிய அதிகாரிகள் பிடித்து, யாருக்காக என்று கேட்டுச் சிறையில் அடித்தார்கள். அந்தக் காயங்களால் அவர் இறந்தார். அவர் தேர்ந்தெடுத்த மரத்துக்கு அறிவியல் இட்ட பெயர் ‘சிங்கோனா லெட்ஜரியானா’. மரத்தைக் கண்டறிந்தவரை விட்டுவிட்டு, விதையை விற்றவரின் பெயரைச் சூட்டியது அறிவியல் செய்த அநீதி என்றே நான் எண்ணுகிறேன்.

1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது, அமெரிக்கத் தாவரவியலாளர் குழுக்கள் மறுபடி ஆண்டிஸுக்கு ஓடின. அப்போதும் காட்டு வழி சொன்னவர்கள் பட்டை உரிப்பவர்களே.

இன்று மூலிகையும் பாரம்பரிய மருத்துவமும் கற்க மாணவர்களும் ஆர்வலர்களும் குழுக்களாகப் பெருவுக்கும் பிற நாடுகளுக்கும் போகிறார்கள். போக வேண்டியதுதான், கற்க அங்கே மலையளவு இருக்கிறது. 2010இல் ஜப்பானின் நகோயாவில் உருவாகி 2014இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, தாவரத்தையும் அதைப் பற்றிய மரபறிவையும் எடுக்குமுன் உரியவர்களின் இசைவு பெறவும், பயனைப் பகிரவும் சொல்கிறது. இந்தியாவும் பெருவும் அதை ஏற்ற நாடுகள். அத்தகைய பயணத்துக்குப் பணம் கட்டுமுன், அந்த ஊராரின் இசைவு எழுத்தில் பெறப்பட்டிருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அங்கே வழிகாட்டுபவர் விரும்பினால், அவர் சொன்ன ஒவ்வொரு செடிக்கும் அருகில் அவர் பெயரையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.