பங்கு வாணிகமும் நிரல்மொழியும்

மும்பையில் வாழும் தமிழர்களுக்குத் தலால் தெரு புதிய பெயர் அன்று. அங்குள்ள பங்குமாற்றகம் 1875ஆம் ஆண்டில் தோன்றியது. தரகர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, உரக்கக் கூவியும் கைச்சைகை காட்டியும் விலை பேசுவதே நெடுங்காலம் அங்கு வழக்கமாக இருந்தது. 1994ஆம் ஆண்டில் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரை வழியே வாணிகத்தைத் தொடங்கிற்று. மறு ஆண்டிலேயே மும்பைப் பங்குமாற்றகமும் அம்முறையை மேற்கொண்டது. கூவுவோர் குரல் ஓய்ந்தது. இன்று வாங்கவும் விற்கவும் செல்லும் ஆணைகளில் பெரும்பகுதியை மனிதர் கை இடுவதில்லை. கணினியில் எழுதப்பட்ட நிரல்களே இடுகின்றன.

நிரல் என்பது கணினி செய்யவேண்டிய செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஐயத்திற்கு இடமின்றி எழுதிய கட்டளை வரிசையாகும். அதனை எழுதப் பயன்படும் மொழியே நிரல்மொழி. பிற மாநிலங்களில் பணிபுரியும் நம் இளைஞர் பலர் இத்தகைய மொழி ஒன்றைக் கற்றுப் பங்கு வாணிகத்தில் ஈடுபட விரும்புகின்றனர். அவ்வாறு விரும்புவோர் எதைக் கற்பது, எங்கே எச்சரிக்கையாக இருப்பது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில், எந்த மொழி? நொடியின் மிகச் சிறு கூறுகளில் ஆணையிடும் பெரு நிறுவனங்கள் சி பிளஸ் பிளஸ் போன்ற வேகமிக்க மொழிகளைக் கையாளுகின்றன. தம் கணினிகளைப் பங்குச் சந்தையின் கணினிக் கூடத்திலேயே வாடகைக்கு வைத்துக்கொள்ளுகின்றன. அந்த வேகப் போட்டியில் தனிமனிதர் இறங்குவது வீண். தனிமனிதருக்கு ஏற்றது பைத்தான் என்னும் மொழி. ஹாலந்து நாட்டவரான கைடோ வான் ராசம் அதனை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். படிக்க எளிது, விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை, கணக்கிடுவதற்கான துணைநூலகங்களும் மிகுதி. மாறி, பட்டியல், நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு ஆகிய ஐந்தையும் நன்கு கற்றவர் முதல் நிரலை எழுதிவிடலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு பங்கின் இருபது நாள் முடிவு விலைகளைக் கூட்டி இருபதால் வகுத்தால் சராசரி கிடைக்கும். விலை அச்சராசரிக்கு மேல் ஏறினால் வாங்குக, கீழே இறங்கினால் விற்றுவிடுக என்று ஒரு விதி அமைக்கலாம். இது பயிற்சிக்கான விதியே. செல்வம் தரும் மந்திரம் அன்று. இச்சிறு விதியிலேயே கற்போர் கவனிக்கவேண்டிய மூன்று இடர்கள் மறைந்துள்ளன.

முதல் இடர் எண்களில் உள்ளது. பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டுமாறு பைத்தானைக் கேட்டால், விடை 0.3 என வராது, 0.30000000000000004 என வரும். மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் முற்றாக எழுத இயலாததுபோல, பத்தில் ஒரு பங்கை இரும முறையில் கணினியால் முற்றாக எழுத இயலாது. ஆகவே இரு விலைகள் சமமா என்று சோதிக்கும் நிரல் தவறான விடை தரலாம். விலையை ரூபாயில் வையாது, பைசாவில் முழு எண்ணாக வைத்தால் இவ்விடர் நீங்கும்.

இரண்டாவது இடர் பழைய விலைப் பட்டியலில் உள்ளது. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் நிறுவனம் ஒரு பங்கிற்கு ஒரு பங்கு போனஸ் வழங்கியது. பங்குகளின் எண்ணிக்கை இரு மடங்காகவே, விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. பங்குதாரருக்கு இதனால் இழப்பு ஏதும் இல்லை. ஆயினும், திருத்தப்படாத பட்டியலைப் படிக்கும் நிரல், சந்தை சரிந்தது என்றே கருதி விற்கத் தலைப்படும்.

மூன்றாவது இடர் காலமயக்கம். பழைய விலைகளைக்கொண்டு விதியைச் சோதிக்கும்போது, மாலை மூன்றரை மணிக்குத் தெரியவரும் முடிவு விலையை வைத்துக்கொண்டு, அன்று காலை ஒன்பதேகால் மணிக்கே வாங்கியதாக நிரல் கணக்கிட்டுவிடும். ஏட்டில் இலாபம் குவியும். நடைமுறையில் ஒரு காசும் தேறாது. தரகுக் கூலி, பங்குப் பரிமாற்ற வரி, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றைக் கழிக்க மறப்பதும் இவ்வகை மயக்கமே.

பிழையற்ற நிரல் என்று எதனையும் நம்பிவிடலாகாது. அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்னும் பெரிய தரகு நிறுவனம் 2012 ஆகஸ்டு 1ஆம் நாள் புதிய நிரலை இயக்கியது. எட்டுக் கணினிகளுள் ஒன்றில் புதிய நிரல் ஏற்றப்படவில்லை. அதில் உறங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்து, இலட்சக்கணக்கில் பங்குப் பரிமாற்றங்களை நிகழ்த்திற்று. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு நேர்ந்தது. நிபுணர் பலர் பணிபுரிந்த இடத்திலேயே இவ்வாறாயின், தனிமனிதர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! ஒரு நாளில் இத்தனை ஆணைக்கு மேல் இடாதே, இத்தனை ரூபாய் இழப்பு வந்தால் நின்றுவிடு என்னும் இரு கட்டளைகள் வாங்கும் கட்டளைக்கு முன்னரே எழுதப்படவேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதன்றோ நம் முன்னோர் சொல்?

சட்டமும் அறியத்தக்கது. கணினி வழியே தாமாக இடப்படும் ஆணைகள் பற்றிச் செபி எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் விதிகள் வகுத்துள்ளது. 2025 பிப்ரவரியில் சிறு முதலீட்டாளருக்கென அது ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தரகர் வழியாகவே, பங்குச் சந்தையின் அடையாளக் குறியுடன் இவ்வாணைகள் செல்லவேண்டும் என்பது அதன் சாரம். ‘மாதந்தோறும் உறுதியான இலாபம்’ என்று கூறி நிரல் விற்போரிடம் எச்சரிக்கை தேவை. உறுதியான இலாபம் தரும் நிரல் உடையவர் அதனைச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கவேண்டிய தேவை என்ன?

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இங்கு எண்ணத்தக்கது. முன்பேர வாணிகமாகிய ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வகைகளில் ஈடுபட்ட தனிமனிதருள் நூற்றுக்கு 93 பேர், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பணம் இழந்தனர். இழந்தவர் ஒவ்வொருவருக்கும் சராசரியாக இரண்டு இலட்ச ரூபாய் அளவில் இழப்பு. அதே வேளையில், பெரு நிறுவனங்கள் ஈட்டிய இலாபத்தில் மிகப் பெரும்பகுதி நிரல் வழி வாணிகத்தால் வந்தது. சொந்த ஊரைவிட்டு வந்து, வாடகையும் கொடுத்து, வீட்டிற்கும் அனுப்பி, எஞ்சியதைச் சேர்த்துவைக்கும் குடும்பத்திற்கு இரண்டு இலட்சம் என்பது பல ஆண்டுகளின் உழைப்பு.

அப்படியாயின் கற்பது வீணா எனின், அன்று. நிரல் எழுதக் கற்றவருக்கு வங்கி, காப்பீடு, தொழிற்சாலை எங்கும் பணி உண்டு. பங்குச் சந்தை வெறும் பயிற்சிக்களமாக இருந்தாலும் அறிவு பயன்தரும். பைத்தான் 3இல் மாறிகளுக்கு ‘விலை’, ‘சராசரி’ எனத் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம். கட்டளைச் சொற்களும் தமிழாகவே அமைந்த ‘எழில்’ என்னும் நிரல்மொழியும் உண்டு. தமிழைப் பள்ளியில் கற்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளுக்கு மொழியையும் தருக்கத்தையும் ஒருங்கே பயிற்றுவிக்க அது உதவும்.

முதலில் மொழியைக் கற்கவேண்டும். அடுத்துப் பழைய விலைகளில் விதியைச் சோதிக்கவேண்டும். பின்னர்ச் சில மாதங்களேனும் பணமின்றி ஏட்டளவில் வாங்கி விற்றுப் பார்க்கவேண்டும். அதன் பின்னரும் முதலிட நினைப்போர், இழந்தாலும் இல்லம் தளராத தொகையையே ஈடுபடுத்துதல் நன்று.