சுழியோடியும் மணிக்கட்டுக் கணினியும்

1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்திற் கிடக்கின்றது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர், புதியவருக்கோ 18. எந்தக் கணினியும் இவ்விடைவெளியை நிரப்பாது.

அக்கருவி ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, உடலிழையங்களிற் கரையும் நைதரசனைக் கணிக்கின்றது. ஆனால், அது கணிப்பது அணிந்தவரின் உடலையன்று, ஒரு மாதிரியுடலையே. பிரித்தானியக் கடற்படைக்காக வெள்ளாடுகளிலும் கடற்படைச் சுழியோடிகளிலும் ஆய்வு நடத்தி ஹோல்டேன் 1908 இல் வெளியிட்ட முடிவுகளிலேயே இக்கணிப்பு வேர்கொண்டுள்ளது. களைப்பையும் நீரிழப்பையும் கருவி அறியாது. எனவே, எச்சரிக்கை அளவைக் கூட்டும் வசதியுள்ள கருவியையே புதியவர் தெரிதல் வேண்டும். அது ஆழத்தில் தங்கும் நிமிடங்களைக் குறைக்கும்.

உல்லாசப் பயணிக்கு இக்குறைப்பு சிறு ஏமாற்றமே. கடலட்டைக்காகச் சுழியோடும் தொழிலாளிக்கோ அது வருமான இழப்பு. அவரது எச்சரிக்கை அளவைப் பெரும்பாலும் சந்தை விலையே தீர்மானிக்கின்றது.