மணலில் திரும்பாத கால்

கசூரினா கடற்கரையின் சவுக்கு மரங்களுக்குக் கீழே ஞாயிறு விடியலில் கராத்தே பழகுவது எங்கள் கூட்டத்துக்கு ஒரு காலத்தில் பெருமை. கரையில் ஆளிராது. வெகுதூரம் உள்ளே நடந்தாலும் ஆழம் காட்டாத கடல். விழுந்தாலும் அடிபடாத வெள்ளை மணல். காரைநகரில் பிறந்தவனுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு திரிந்தவன் நான்.

எட்டு வருடத்துக்கு முன் அந்த மணலிலேயே என் நாரி பிடித்தது. பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் 'மவாஷி கெரி'யை ஆயிரக்கணக்கான தடவை செய்தவன்தான். அன்று உதைத்த காலில் பிழையில்லை. ஊன்றிய கால் மணலில் புதைந்து நின்றுவிட்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. நாரிக்குள் ஒரு கொக்கி கழன்றது போல இருந்தது. நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் குந்தி வீடு வந்தபோது, வலந்தலைச் சந்திக்கு இந்தப் பக்கம் எத்தனை பள்ளம், அந்தப் பக்கம் எத்தனை பள்ளம் என்று எண்ணிச் சொல்லக்கூடியவனாகிவிட்டேன்.

"இனியாவது உந்த அடிபிடி விளையாட்டை விடு, மோனை" என்றார் அம்மா. என் நாரியின் ஸ்கான் படத்தைப் பார்த்த மருத்துவர் ஒருவரும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் இடைத்தட்டு தேய்ந்துவிட்டது, இனி உதைப்பதை மறந்துவிடுங்கள் என்றார்.

புரூஸ் லீயின் நாரி

இதே வார்த்தையை என்னைவிடப் பெரிய ஆள் ஒருவரும் கேட்டிருக்கிறார். 1970 ஓகஸ்டில் புரூஸ் லீ, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளாமல், சுமார் 57 கிலோ பாரத்தைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சியைச் செய்தார். நாரிக்குக் கீழே நரம்பு பாதிக்கப்பட்டது. இனிப் பழையபடி உதைக்க முடியாது என்று மருத்துவர்கள் கூறியதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் படுக்கை. அந்தக் காலத்தில் அவர் வாசித்தார், எழுதினார். அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள், அவர் இறந்து இரண்டு வருடங்களின் பின் 1975 இல் 'தாவோ ஒஃப் ஜீத் குன் டோ' என்ற நூலாக வந்தன. 1971 இல் 'த பிக் பொஸ்' படத்துக்காகத் தாய்லாந்தில் மீண்டும் உதைத்தார்.

இந்தக் கதையை எங்கள் பெடியளுக்குச் சொல்லும்போது, 'மனத்திடம் இருந்தால் எல்லாம் முடியும்' என்று முடிக்கத்தான் முன்பு பிடிக்கும். இப்போது அப்படி முடிப்பதில்லை. நோ அவரை முற்றாக விட்டுப் போகவில்லை. அவர் அதை வெல்லவில்லை, அதனோடு வேலை செய்யப் பழகினார். வீரக் கதையில் விட்டுப்போகிற பகுதி இதுதான், நாரி நோக்காரனுக்கு வேண்டியதும் இதுதான்.

படம் சொல்வதும் சொல்லாததும்

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட நோ. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020 இல் மட்டும் 61.9 கோடிப் பேருக்கு நாரி நோ இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்தத் தட்டு என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணம் கிடையாது.

தேய்வைக் கண்டு பயந்த எனக்குத் தைரியம் தந்தது, நோவே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்து 2015 இல் வெளியான ஆய்வு. இருபது வயதுக்காரரிலேயே 37 வீதமானோருக்கு இடைத்தட்டுத் தேய்வு இருந்தது, எண்பது வயதில் 96 வீதம். தலைமுடி நரைப்பது போலத் தட்டும் தேய்கிறது. படத்தில் தெரிவதெல்லாம் நோவுக்குக் காரணம் என்றில்லை.

அப்படியானால் என் நாரியை நோகச் செய்தது எது? விடை, யாழ்ப்பாணத்தில் ஒரு இயன் மருத்துவர் என்னை உதைத்துக் காட்டச் சொன்னபோது கிடைத்தது. நாரிப் பகுதியின் ஐந்து முள்ளெலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குப் பத்துப் பாகையளவுதான் திரும்பும். அவை குனிய நிமிர ஆனவை, சுழல ஆனவையல்ல. சுழற்சி இடுப்பு மூட்டிலும் மேல் முதுகிலும் நடக்க வேண்டும். அதற்கு ஊன்றிய பாதம் திரும்ப வேண்டும். பாதம் திரும்பாவிட்டால் மிச்சச் சுழற்சியை நாரிதான் வாங்கும். மெத்தென்று இருப்பதால் பாதுகாப்பு என்று நான் நம்பிய மணல், என் பாதத்தைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. சிலம்பத்தில் கம்பைக் கையில் தருமுன் காலடி பழக்குவதன் அருமை அன்றைக்குத்தான் விளங்கியது.

விட்டவையும் பிடித்தவையும்

கராத்தேயை விடவில்லை. மூன்று விஷயங்களை விட்டேன்.

முதலாவது, விடியல் பயிற்சி. இரவு படுத்திருக்கையில் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால் காலையில் நாம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேலும் உயரமாக இருக்கிறோம். அந்த நேரம் ஆழக் குனிந்தால் தட்டின் மீது அழுத்தம் அதிகம். எழும்பி முதல் ஓரிரு மணித்தியாலம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நோ குறைந்ததை 1998 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் வகுப்பு இப்போது பின்னேரம்.

இரண்டாவது, நூறு தடவை படுத்தெழும்பும் வயிற்றுப் பயிற்சி. அதற்குப் பதிலாகக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வாளராக இருந்த ஸ்டூவர்ட் மக்கில் பிரபலப்படுத்திய மூன்றைச் செய்கிறோம். நாரிக்குக் கீழே கை வைத்து, ஒரு முழங்காலை மடித்து, தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது ஒன்று. பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை போலப் பிடிப்பது மற்றொன்று. தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது மூன்றாவது. ஒவ்வொரு பிடிப்பும் பத்து செக்கன்தான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும், செய்து பார்த்தால் தெரியும்.

மூன்றாவது, மணலில் சுழற்சி உதை. மணலில் இப்போது நடை, ஓட்டம், நேர்க்குத்து மட்டும். சுழற்சி உதை சீமெந்துத் தரையில், அதுவும் இடுப்புயரத்துக்கு மேல் போகாமல். அந்த உயரமே எனக்குப் போதும்.

நாரி நோவின் பெரும் பங்கு பயிற்சியில் வருவதும் அல்ல. கிணற்றடியில் குனிந்து வாளி தூக்குவதில், பொன்னாலைப் பாலத்தால் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வருவதில், கதிரையில் கூனிக் கிடப்பதில் அது சேருகிறது. ஒரு கையில் நிறைவாளி தூக்குவதைவிட இரு கையிலும் அரைவாளி தூக்குவது நாரிக்கு இலகு. ஒரு மணித்தியாலம் பயில்கிறவன் மிச்சம் இருபத்திமூன்றையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் பூசுவதா, பெல்ட் கட்டுவதா என்று கேட்பவர்கள் உண்டு. செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் பெயரில் வைத்திய நூல்களை வைத்திருக்கும் மண் இது. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. எண்ணெயும் ஒற்றடமும் எனக்கு இதம் தந்தன, மறுக்கமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலும் உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கமளித்தல் ஆகியவற்றுடன் உடம்பு பிடித்துவிடுவதையும் ஏற்கிறது. நாரிப் பெல்ட்டையும், இழுத்துக் கட்டும் சிகிச்சையையும் வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. படுத்தே கிடப்பதும் மருந்தல்ல.

உடனே ஓட வேண்டிய நேரம்

சலம், மலம் அடக்க முடியாமை அல்லது சலம் போகாமை, சைக்கிள் சீற்றில் படுகிற இடம் மரத்தல், பாதம் தொங்குதல், காய்ச்சலோடு அல்லது காரணமற்ற மெலிவோடு வரும் நோ: இவற்றில் ஒன்று கண்டாலும் எண்ணெயும் இல்லை, பயிற்சியும் இல்லை. நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். முதல் மூன்றுக்கும் ஒரு நாள் தாமதமும் கேடு.

பழக்குகிற மாஸ்டர்மாருக்கும் அண்ணாவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவரிடம் வயதையும் பெயரையும் கேட்கிறோம், கட்டணத்தையும் கேட்கிறோம். "நாரி நோ இருக்கோ?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். ஓம் என்று சொன்னால் வாசலால் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் பாதத்தைத் திருப்பப் பழக்குங்கள்.