உங்கள் வீட்டு அரிசி எந்த வழியாக வருகிறது?

அரிசி வாங்கும்போது பெயரையும் விலையையும் பார்க்கிறோம். அது எப்போது விளைந்தது, ஆலையில் என்ன ஆனது என்று கேட்பதில்லை. கேட்டால் வாங்குவதும் சமைப்பதும் எளிதாகும்.

எப்போது விளைகிறது? காவிரி டெல்டாவில் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அந்த நீரை நம்பி நடுவது குறுவை. நான்கு மாதத்துக்குள் அறுவடையாகிவிடும். சம்பா அதைவிட நீண்ட பயிர்; தை மாதத்தையொட்டி அறுப்பார்கள். குறுவை அறுத்த வயலில் மறுபடி நடுவது தாளடி. அணையில் நீர் போதாத ஆண்டில் குறுவைப் பரப்பு சுருங்கிவிடும்.

சாலையில் நெல்லைக் கொட்டி வைக்கிறார்களே, ஏன்? அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் (மணிக்குள் இருக்கும் நீரின் அளவு) பொதுவாக 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் நெல் காயாது. களம் இல்லாதவர்களுக்குச் சாலைதான் வழி. அந்த இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

நெல் முழுவதும் அரிசியாகுமா? ஆகாது. 100 கிலோ நெல்லில் சுமார் 67 கிலோ அரிசிதான் கிடைக்கும். மீதி பெரும்பாலும் உமியும் தவிடும்.

பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் என்ன வேறுபாடு? நெல்லை அப்படியே காயவைத்து அரைத்தால் பச்சரிசி. ஊறவைத்து, அவித்து, உலர்த்தி அரைத்தால் புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடும். அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியைவிடப் புழுங்கலில் அவை கூடுதலாக நிற்கும்.

தவிடு நீக்காத அரிசி வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மூட்டையாக வேண்டாம், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

சோறு ஏன் குழைகிறது? குற்றம் உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். அறுத்துச் சில வாரமே ஆன புது அரிசி குழையும். பொங்கலுக்கும் கஞ்சிக்கும் அது பொருத்தம். ஆறு மாதத்துக்கு மேலான பழைய அரிசி கூடுதல் தண்ணீர் வாங்கும், உதிரியாக வேகும். தையில் சம்பா அறுத்த பின், மாசி, பங்குனியில் வாங்கும்போது “புதுசா, பழசா?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். புதிது என்றால் தண்ணீரைக் குறையுங்கள்.

ரேஷன் அரிசியில் சில மணிகள் வேறு மாதிரி இருக்கின்றனவே, பிளாஸ்டிக்கா? இல்லை. அவை செறிவூட்டிய மணிகள் (அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்தவை). 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலந்திருப்பார்கள். நிறம் சற்று மாறியிருக்கலாம், நீரில் மிதக்கவும் செய்யலாம். பொறுக்கி எறியாதீர்கள், கழுவும்போது நீரோடு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலசீமியா (பரம்பரை இரத்தக் குறைபாடு) உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

உணவு எப்படி விளைந்து வருகிறது என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? உழவர் சந்தைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. விளைவித்தவரே அங்கு காய்கறி விற்கிறார். எந்த ஊர், எத்தனை நாள் பயிர், மழையில் எவ்வளவு போனது என்று பிள்ளைகளையே கேட்கவிடுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனால் அவரும் நின்று பதில் சொல்வார்.