கைபேசியும் குடல் புற்றுநோய்ச் சோதனையும்
பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் சதை வளர்ச்சிகளுள் சில, பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதாலும், அவற்றிலிருந்து கண்ணுக்குப் புலப்படாமல் இரத்தம் கசியலாம் என்பதாலும், மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைத் தேடுவது முதற்கட்டச் சோதனையாக உள்ளது. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை 2019இல் ஏற்ற ‘ஃபிட்’ சோதனை, மனித ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு செயல்படுவதால், பழைய முறையைப் போல இறைச்சி உணவால் தடுமாறுவதில்லை. வீட்டில் எடுத்த மாதிரியைத் தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். கைபேசி முறையிலோ, மாதிரியை எங்கும் அனுப்பாமல் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்: சோதனைப் பட்டையில் தோன்றும் கோட்டைக் கேமரா படமெடுக்க, செயலி வெளிச்ச வேறுபாட்டைச் சரிசெய்து கோட்டின் அடர்த்தியிலிருந்து இரத்த அளவைக் கணிக்கிறது. கூச்சத்தாலேயே சோதனையைத் தள்ளிப்போடுவோருக்கு இந்தத் தனிமை உண்மையான நன்மை. ஆயினும் இரத்தம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தென்பட்டால் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் குடலைப் பார்க்கும் சோதனை, அவசியமாகிறது.